எத்தனை வெற்றி என்பதா, எவரை வென்றது என்பதா?

வீரன் ஒருவனை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. அவன் எத்தனை முறை வென்றான் என்று எண்ணுவது ஒன்று. எவரெவரை வென்றான் என்று விசாரிப்பது மற்றொன்று. முந்தியது எளிது, எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யலாம். பிந்தியதற்கோ ஆராய்ச்சி வேண்டும், ஞாபகம் வேண்டும், பக்ஷபாதமற்ற மனம் வேண்டும். எளிதானதையே ஜனங்கள் கைக்கொள்வது உலக இயற்கை. ஆயினும் எளிதானதெல்லாம் நியாயமானதாகி விடாது. குத்துச் சண்டை உலகில் எண்ணிக்கைக்கு அளிக்கப்பட்டு வரும் அளவு கடந்த மரியாதை வீரத்துக்கே தீங்கு விளைத்து வருகிறது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அமெரிக்க வீரர் ராக்கி மார்சியானோ 49 பந்தயங்களில் இறங்கி 49இலும் வென்று, 1956இல் ஓய்வு பெற்றார். தோல்வி என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அந்த 49 என்ற எண் அறுபது ஆண்டுகளாகக் குத்துச் சண்டைப் பிரியர்களின் வாயில் மந்திரம்போல் இருந்து வந்தது. 2017 ஆகஸ்டு 26ந் தேதி, லாஸ் வேகாஸ் நகரில் ஃப்ளாய்டு மேவெதர் தமது ஐம்பதாவது வெற்றியை அடைந்து அந்த எண்ணைத் தாண்டினார். உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. ஆனால் அந்த ஐம்பதாவது எதிரி யார்? கானர் மெக்ரிகர் என்ற அயர்லாந்து வீரர். அவர் வேறு வகைச் சண்டையில் இரண்டு எடைப் பிரிவுகளில் சாம்பியனாக விளங்கியவர், அதில் குறைவில்லை. ஆனால் தொழில்முறைக் குத்துச் சண்டை மேடையில் அவர் ஏறியது அன்றுதான் முதல் தடவை! மார்சியானோவின் எண்ணிக்கையை விஞ்சிய வெற்றி, அந்தத் தொழிலில் ஒரு பந்தயம்கூட ஆடியிராத ஒருவரை வென்றதால் கிடைத்த வெற்றி. எண் மாத்திரம் பார்ப்பவருக்கு இது ஐம்பதில் ஒன்று. மற்ற நாற்பத்தொன்பதுக்கும் சமம்.

அதே மேவெதர் 2013 செப்டம்பர் 14ந் தேதி கனெலோ அல்வாரஸ் என்னும் மெக்ஸிகோ இளைஞரை வென்றார். அல்வாரஸ் அதுவரை தோல்வியறியாதவர். பிற்காலத்தில் நான்கு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டங்களைக் கைப்பற்றியவர். இந்த வெற்றியும் கணக்கில் ஒன்றுதான்; மெக்ரிகரை வென்றதும் ஒன்றுதான். பொன்னையும் பித்தளையையும் ஒரே தட்டிலிட்டு, இரண்டும் ஒரே எடை என்று சொல்லும் தராசு எப்படிப்பட்ட தராசு? மேவெதரின் மேன்மையில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த மேன்மைக்குச் சாக்ஷி அல்வாரஸே அன்றி, ஐம்பது என்ற எண் அன்று என்பதே நாம் கூறுவது.

எண்தான் பெரிதென்போருக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. தாய்லாந்து வீரர் வான்ஹெங் மெனயோதின், மிகக் குறைந்த எடைப் பிரிவின் உலக சாம்பியனாக இருந்தவர். அவர் 2018 மே மாதத்தில் தோல்வியின்றி ஐம்பது வெற்றிகளையும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஐம்பத்தொன்றையும் எட்டி மேவெதரைக் கடந்தார். 54 வெற்றிகளுக்குப் பிறகு, 2020 நவம்பரில்தான் முதல் தோல்வி கண்டார். அவரை மேவெதருக்கும் மார்சியானோவுக்கும் மேலானவர் என்று கூறுவார் உண்டா? ஒருவரும் இல்லை. ஏன் என்று கேட்டால், "அவர் வென்றவர்கள் யார்?" என்று உடனே திருப்பிக் கேட்கிறார்கள். நல்ல கேள்வி! தாய்லாந்துக்காரருக்கு மாத்திரம் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு, தமக்குப் பிரியமானவர் விஷயத்தில் மௌனம் சாதிப்பது நியாயமாகுமா?

மற்ற விளையாட்டுகளில் இல்லாத ஒரு விசேஷம் குத்துச் சண்டையில் இருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். கால்பந்துக் கழகம் ஒன்று அட்டவணைப்படி எல்லாக் கழகங்களோடும் ஆடியே தீரவேண்டும். பலசாலியைத் தள்ளிவிட்டு நோஞ்சானை மட்டும் பொறுக்கிக்கொள்ள அதற்கு உரிமையில்லை. குத்துச் சண்டையிலோ எவர் எவரோடு மோதுவது என்பதை வீரனும், அவனுடைய மானேஜரும், பந்தயம் நடத்துவோரும் பேரம் பேசி நிச்சயிக்கிறார்கள். இளம் வீரன் ஒருவனை உருவாக்கும்போது, நிச்சயம் தோற்கக்கூடியவர்களாகப் பார்த்து அவன் முன் நிறுத்துவது வழக்கம். ஓரளவுக்கு இது பயிற்சி, ஆட்சேபணையில்லை. ஆனால் அப்படிச் சேர்ந்த இருபது முப்பது வெற்றிகள், பின்னர் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் ஏறி, வீரத்தின் அத்தாட்சியாகக் காட்டப்படும்போதுதான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். ஆலையில்லாத ஊரில் இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். அந்த இலுப்பைப்பூவைச் சீட்டுப் போட்டு விற்பதே இந்த வியாபாரம்.

தோற்பதற்கென்றே அழைக்கப்படுகிறவர்களின் கதையும் அறியத்தக்கது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பீட்டர் பக்லி 1989 முதல் 2008 வரை 300 பந்தயங்கள் ஆடினார். வென்றவை 32, தோற்றவை 256, எஞ்சிய 12 வெற்றி தோல்வியின்றி முடிந்தன. எண்ணைப் பார்த்தால் இவரைவிட இழிந்த வீரர் இல்லை என்றே சொல்லத் தோன்றும். ஆனால் பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீது போன்றவர்களின் முன் அஞ்சாமல் நின்றவர் இவர். சில நாள் முன்னறிவிப்பில் அழைத்தாலும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, தம்மைவிட வல்லவரான இளைஞர்களுக்குத் தொழிலைக் கற்பித்துச் சென்றவர். இருபது பலவீனர்களை அடித்து வீழ்த்தி "தோல்வியறியாத சிங்கம்" என்று பட்டம் சூட்டிக்கொண்டவன், பக்லியைக் காட்டிலும் வீரனா? வாசகர்களே தீர்ப்புக் கூறட்டும்.

"தன் காலத்தில் இருப்பவரோடுதானே ஒருவன் மோத முடியும்? பலமான எதிரி பிறக்காதது அவன் குற்றமா?" என்று சிலர் ஆட்சேபிப்பர். ஆட்சேபம் நியாயமானது. மார்சியானோவையே எடுத்துக்கொள்வோம். 1951இல் அவர் ஜோ லூயிஸை வென்றபோது லூயிஸுக்கு வயது 37. 1952இல் ஜெர்ஸி ஜோ வால்காட்டை வென்று பட்டம் பெற்றபோது வால்காட்டுக்கு 38. 1955இல் கடைசியாக வென்ற ஆர்ச்சி மூரும் இளமை கடந்தவரே. எனவே அந்த 49 வெற்றிகளைக் குறைவாக மதிப்போரும் உண்டு. நாம் அவர்களோடு சேரவில்லை. வால்காட், எஸ்ஸார்டு சார்லஸ், மூர் மூவருமே அன்று கிடைத்தவர்களில் தலைசிறந்தவர்கள். வால்காட் முதற்சுற்றிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளினார். பன்னிரண்டு சுற்றுவரை புள்ளிகளில் முந்தியும் இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் விழுந்த ஓர் அடியே பட்டத்தை மாற்றியது. சார்லஸோடு ஆடிய இரண்டாம் பந்தயத்தில் மூக்குக் கிழிந்து ரத்தம் பெருகிய நிலையிலும் மார்சியானோ வென்றார். இருப்பவரில் சிறந்தவரைத் தேடிப் போய் மோதியவனைக் குறை கூற நமக்கு வாயில்லை. கிடைத்த எதிரி எளியவனாக இருப்பது வேறு. வலியவன் காத்திருக்க எளியவனைத் தேடிப் போவது வேறு. முன்னது விதி, பின்னது தந்திரம்.

தந்திரத்தினும் கொடியது ஒன்றுண்டு. அது சட்டம்போல் நின்ற அநீதி. ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ் என்ற அமெரிக்கர் 1899 முதல் 1905 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்து, ஒரு தோல்வியும் இன்றி ஓய்வு பெற்றார். அவருடைய கணக்கு அப்பழுக்கற்றது என்று அந்நாளில் வெள்ளையர் பெருமை பேசினர். ஆனால் சாம்பியனாக இருந்த காலத்தில் அவர் கறுப்பினத்து வீரர் எவரோடும் பட்டத்துக்காக மோதவில்லை. அத்தகைய பந்தயத்துக்கு இசைய மாட்டோம் என்பதையே கொள்கையாக வைத்திருந்தார். அதற்கு முன், 1898இல், பீட்டர் ஜாக்ஸன் என்ற கறுப்பின வீரரை மூன்று சுற்றுகளில் வென்றது அவர் கணக்கில் இருக்கிறது. ஜாக்ஸன் பெயர் பெற்ற வீரர்தான்; 1891இல் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் சளைக்காமல் நின்றவர். ஆனால் ஜெஃப்ரிஸின் முன் வந்தபோது அவருடைய வலிமை குன்றிவிட்டது. மூன்றாண்டுகளில் மரணமும் நேர்ந்தது. பெயரை வென்றார் ஜெஃப்ரிஸ். அந்தப் பெயருக்குரிய வீரரை வென்றார் என்று சொல்ல இயலாது.

கதவைத் தாளிட்டுவிட்டு, "என் வீட்டில் திருடன் நுழைந்ததே இல்லை" என்று சொல்வதில் பொருளுண்டு. எதிரியை வெளியே நிறுத்திக் கதவைத் தாளிட்டுவிட்டு, "என்னை எவனும் வென்றதில்லை" என்று சொல்வதில் என்ன பொருள்? 1908 டிஸம்பர் 26ந் தேதி ஸிட்னி நகரில் ஜாக் ஜான்ஸன் பட்டம் வென்று அந்தக் கதவை உடைத்தார். 1910 ஜூலை 4ந் தேதி ரீனோவில், ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட ஜெஃப்ரிஸையும் வீழ்த்தினார். நமது அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றே ஆதலால் இதையும் கூறிவிடுகிறோம்: ஐந்தாண்டுகள் மேடை ஏறாதிருந்த ஜெஃப்ரிஸை வென்றது, அரசியல் வகையில் எத்தனை பெரிய சம்பவமாயினும், சண்டை வகையில் ஜான்ஸனின் தலைசிறந்த வெற்றி ஆகாது.

ஜான்ஸன் 1915இல் பட்டத்தை இழந்ததும் கதவு மீண்டும் மூடிக்கொண்டது. 1937இல் ஜோ லூயிஸ் வரும் வரை 22 ஆண்டுகள் கறுப்பினத்தவர் எவருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. 1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்ஸியின் முன் ஹாரி வில்ஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்தப் பந்தயம் நடைபெறவே இல்லை. கனடாவில் பிறந்த ஸாம் லாங்ஃபோர்டின் கதை இன்னும் பரிதாபம். தம்மைவிட உயரத்திலும் எடையிலும் மிகுந்தவர்களை எல்லாம் வீழ்த்திய அவருக்கு ஹெவிவெயிட் பட்டப் பந்தயம் ஒருமுறையும் கிட்டவில்லை. தாமே ஒதுக்கப்பட்டிருந்த ஜான்ஸனும் பட்டம் கைக்கு வந்தபின் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்பளிக்கவில்லை. மேடையில் இடமில்லாதவர்கள் தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டனர். லாங்ஃபோர்டும் வில்ஸும் பதினைந்து முறைக்கும் மேல் எதிர்த்து நின்றனர். அவ்விதம் ஏற்பட்ட தோல்விகள் லாங்ஃபோர்டின் கணக்கில் கரும்புள்ளிகளாக நிற்கின்றன. அவரைத் தவிர்த்தவர்களின் கணக்கோ வெள்ளை வெளேரென்று இருக்கிறது! எண்ணிக்கையை மட்டும் நம்புகிறவன் அறிந்தோ அறியாமலோ அந்த அநீதிக்கு இன்றும் கையெழுத்திடுகிறான்.

நம் நாட்டு மல்லர் காமாவையும் இதே அளவுகோலால் அளப்போம். அவரைப் பற்றிப் பேசுவோர் அநேகர், "வாழ்நாளில் தோல்வியே அறியாதவர்" என்று கூறி நிறுத்திவிடுகிறார்கள். அது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். 1910 செப்டம்பர் 10ந் தேதி லண்டனில், போலந்து தேசத்துப் பெரிய மல்லர் ஸ்பிஸ்கோவுடன் காமா கோதாவில் இறங்கினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து, எழுந்திருக்க மறுத்துக் கிடந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் முடிவு ஏற்படவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபோட்டி குறிக்கப்பட்டது, ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பதினேழு ஆண்டுகள் கடந்து 1928இல், இருவரும் ஐம்பதை நெருங்கியிருந்த நாளில், பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தனர். ஒரு நிமிஷத்துக்குள் ஸ்பிஸ்கோ மல்லாந்தார். கணக்குப் புஸ்தகத்தில் லண்டன் போட்டி "முடிவில்லை" என்று பதிவாகும். எங்கோ ஒரு பலவீனனை நொடியில் வீழ்த்தியது "வெற்றி" என்று பதிவாகும். காமாவின் பெருமைக்கு ஆதாரம் எது? எதிரி எழுந்து நிற்கத் துணியாத அந்த இரண்டரை மணி நேரமே அல்லவா?

இனித் தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. முகம்மது அலி 61 பந்தயங்களில் 56 வென்று 5இல் தோற்றவர். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் மார்சியானோ, மேவெதர், மெனயோதின் மூவருக்கும் கீழே அவரை உட்கார வைக்க வேண்டும். ஆனால் அவர் வென்றவர்களைப் பாருங்கள். 1964இல் எல்லோரும் நடுங்கிய ஸானி லிஸ்டன்; 1974இலும் 1975இலும், முன்பு தம்மைத் தோற்கடித்த ஜோ ஃப்ரேஸியர்; 1974 அக்டோபர் 30ந் தேதி கின்ஷாஸாவில், அதுவரை 40 பந்தயங்களிலும் வென்றிருந்த ஜார்ஜ் ஃபோர்மன். அந்த ஃபோர்மன், ஃப்ரேஸியரை ஆறு முறை தரையில் தள்ளி இரண்டே சுற்றில் முடித்தவர்! யுத்தத்துக்குச் செல்ல மறுத்ததற்காக மூன்றரை ஆண்டுகள், தமது வலிமையின் உச்ச காலத்தில், அலிக்கு மேடையே மறுக்கப்பட்டது. கடைசி இரண்டு தோல்விகளோ 38, 39 வயதுகளில், போகக் கூடாத நாளில் போனதால் நேர்ந்தவை. 1980ஆம் ஆண்டு தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் பந்தயம் ஆடினார். அன்று நேரு ஸ்டேடியத்தில் திரண்ட ஜனங்கள், அவர் கணக்கில் ஏற்கெனவே மூன்று தோல்விகள் இருந்ததை எண்ணியா வந்தார்கள்? அவர்களுக்குத் தெரிந்திருந்தது ஃபோர்மனின் பெயர்; ஃப்ரேஸியரின் பெயர்.

ஜோ லூயிஸும் அவ்வாறே. 1936இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்தார்; 1938இல் அதே ஷ்மெலிங்கை முதற்சுற்றிலேயே முடித்தார். முந்திய தோல்வி இல்லாவிட்டால் பிந்திய வெற்றிக்கு அந்தச் சுடர் ஏது? ஷுகர் ரே ராபின்ஸனுக்கு 19 தோல்விகள். ஆனால் 1952இல் முதன்முறை ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் இருந்தவை மூன்றே. அவற்றில் ஒன்று, தம்மைவிடப் பெரிய எடைப் பிரிவின் சாம்பியனைத் தேடிச் சென்று, புள்ளிகளில் முந்தியிருந்தும் கடும் வெப்பத்தால் சோர்ந்து நின்ற பந்தயம். மீதித் தோல்விகள் யாவும் முதுமைக்கும் வறுமைக்கும் செலுத்திய கப்பம்.

"எதிரியின் தரம் என்பது அவரவர் அபிப்பிராயம், எண்ணோ எவராலும் மறுக்க முடியாதது" என்று மற்றொரு சாரார் வாதிப்பர். இந்த வாதமும் நிற்காது. சதுரங்கத்தில் 1970 முதல் உலகச் சம்மேளனம் கைக்கொண்டுள்ள தர மதிப்பீட்டு முறையை நோக்குக. பேராசிரியர் ஆர்ப்பாடு ஈலோ வகுத்த அந்தக் கணக்கின்படி, தன்னைவிட 400 புள்ளிகள் குறைந்தவனை வென்றால் கிடைப்பது, தன்னைவிட 400 புள்ளிகள் மிகுந்தவனை வென்றால் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கே. எளியவனிடம் தோற்றால் இழப்பு பெரிது. வலியவனிடம் தோற்றால் இழப்பு சிறிது. சென்னையில் சதுரங்கம் பயிலும் சிறுவர்களும் அறிந்த நியாயம் இது. எதிரியின் தரத்தையும் எண்ணால் அளக்கலாம். அளக்க மனமில்லாததே குறை. எண்ணிக்கையையே குப்பையில் எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் வழுவாமல் வென்றவனின் ஒழுங்கும் உழைப்பும் மதிக்கத் தக்கவையே. எண்ணிக்கை விசாரணையின் தொடக்கமாக இருக்கட்டும். தீர்ப்பாக இருக்க வேண்டாம்.

இது வெறும் பொழுதுபோக்கு விவாதம் அன்று. ஜனங்கள் எதை மதிக்கிறார்களோ அதையே வியாபாரி விற்பான். தோல்வியில்லாத கணக்கையே நாம் போற்றினால், அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதே வீரனின் முதற்கவலை ஆகிவிடும். மேவெதரும் பிலிப்பைன்ஸ் வீரர் மானி பாக்கியாவோவும் மோத வேண்டுமென்ற பேச்சு 2009இல் எழுந்தது. பந்தயம் நடந்ததோ 2015 மே 2ந் தேதி. அப்போது ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36. இருவரும் உச்சியில் இருந்த நாளில் நடந்திருக்க வேண்டிய போர், உச்சி கடந்தபின் நடந்தது. தாமதத்துக்கு ஒவ்வொரு தரப்பும் மற்றதைக் குறை கூறிற்று. தோல்வியைப் பேரவமானமாகக் கருதும் உலகில் அத்தகைய தாமதம் லாபகரமானது என்பதே அடிப்படைக் காரணம். துணிந்தவன் தண்டிக்கப்படுகிறான்; ஒதுங்கியவன் பரிசு பெறுகிறான். இந்த முறையை மாற்றும் சக்தி மானேஜர்களிடம் இல்லை; காசு கொடுத்துப் பார்க்கும் ஜனங்களிடமே இருக்கிறது.

ஆகவே, இனி எவனாவது ஒருவன் இத்தனை வெற்றி, தோல்வியே இல்லை என்று முரசறைந்து நம் முன் வந்தால், நான்கு கேள்விகளைக் கேட்போமாக. இவன் வென்றவர்கள் யார்? அவர்களை வென்றபோது அவர்கள் எந்நிலையில் இருந்தார்கள்? இவன் மோதாமல் விட்டவர்கள் யார்? மோதாததற்குக் காரணம் என்ன? விடைகளில் நேர்மை இருந்தால், ஐந்து தோல்வி இருப்பினும் அவனைத் தோளில் தூக்குவோம். இல்லையேல், ஐம்பது வெற்றி இருப்பினும் கைதட்டாமல் இருப்போம். செத்த பாம்பை நூறு தடவை அடித்தவனைவிட, படமெடுத்து நின்ற நாகத்தை ஒரு தடவை எதிர்த்தவனே வீரன்.